சிவதாஸ் பாதுரியும் அவர் சகோதரர்களும்

1911-ம் வருஷத்துக் கோடை நமது தூத்துக்குடிக்கும் திருநெல்வேலி ஜில்லா முழுமைக்கும் மிகக் கொடிதாயிருந்தது. ஜூன் மாதம் 17-ந் தேதி சனிக்கிழமை மணியாச்சி ஜங்ஷனில், ரயில் வண்டியில் அமர்ந்திருந்த கலெக்டர் ஆஷ் சுடப்பட்டு மாண்டார். சுட்டவராகிய வாஞ்சிநாதன் அவ்விடத்திலேயே தம்மையும் சுட்டுக்கொண்டு உயிர் துறந்தார். அதைத் தொடர்ந்து வந்த சோதனைகளும், கைதுகளும், சதி வழக்கும் இந்த ஜில்லாவாருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியவையல்ல. ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை 1908 முதல் சிறையிலிருந்தார். அவர் 1906-ல் அரும்பாடுபட்டு ஸ்தாபித்த சுதேசிக் கப்பல் கம்பெனி அந்த 1911-லேயே கலைக்கப்பட்டது. எந்த வெள்ளையர் கம்பெனிக்கு எதிராகக் கப்பல் வாங்கினோமோ, அந்தக் கம்பெனிக்கே நமது 'காலியா' விலையாய்ப் போயிற்று. சுதேசியம் இத்துடன் மாண்டது என்று துரைத்தனத்தார் நினைத்திருப்பின் அதில் வியப்பில்லை.

அந்தச் சனிக்கிழமைக்குச் சரியாக ஆறாவது சனிக்கிழமை, ஜூலை மாதம் 29-ந் தேதி, கல்கத்தா மைதானத்தில் பதினோரு இந்தியர், அவருள் பத்துப் பேர் வெறுங்காலினராய், ஆங்கிலப் பட்டாளம் ஒன்றைக் கால்பந்தாட்டத்தில் வென்று ஐ. எப். ஏ. ஷீல்டு என்னும் கேடயத்தைக் கைப்பற்றினர். அவர்களுக்குத் தலைவராய் நின்றவர் சிவதாஸ் பாதுரி. அவர் பக்கத்தில் நின்று ஆடியவர் அவருடைய சகோதரர் விஜயதாஸ் பாதுரி. இவ்விருவருடைய வரலாற்றையும், அவர்கள் பிறந்த குடும்பத்தின் வரலாற்றையும் நமது நேயர்களுக்குச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம்.

தேசத் தொண்டில் ஈடுபட்ட நண்பர்கள், பந்து உதைத்த கதைக்கு இப்பக்கத்தில் இடமென்ன என்று வினவக்கூடும். நியாயமான வினாவே. விளையாட்டு வேறு, விடுதலை வேறு என்பதை நாமும் அறிவோம். ஆயினும் ஒரு ஜாதியாரை அடிமைப்படுத்துவோர் முதலில் அவர்களுடைய நிலத்தைக் கைப்பற்றுவதில்லை. அவர்கள் தம்மைப் பற்றி வைத்திருக்கும் எண்ணத்தையே கைப்பற்றுகின்றனர். வாரன் ஹேஸ்டிங்ஸைப் பற்றி 1841-ல் எழுதிய கட்டுரையில் மெக்காலே, வங்காளியின் உடலையும் உள்ளத்தையும் எவ்வளவு இழிவாகச் சித்திரித்தார் என்பது ஆங்கிலம் கற்றோர்க்குத் தெரியும். அக்கட்டுரையை நமது கலாசாலைகளில் பாடமாக வைத்து, வங்காளி வாலிபனையும் தமிழ் வாலிபனையும் நெட்டுருப் போடச் செய்தனர். போர்க்குலம் இது, பேடிக்குலம் அது என்று பட்டாளத்துக்கு ஆள் எடுப்பதிலும் வகுத்து வைத்தனர். வாதத்தினால் இதற்கு விடை கூறியோர் பலர். காலினால் விடை கூறியவர்கள் பாதுரி சகோதரர்கள்.

பாதுரி குடும்பத்தார் கிழக்கு வங்காளத்தைப் பூர்வீகமாக உடையவர்கள். துவிஜதாஸ், ராமதாஸ், விஜயதாஸ், சிவதாஸ் என்ற சகோதரர் நால்வரும் மோகன் பகான் கழகத்துக்காக ஆடியவர்கள். ஒரு வீட்டில் ஒருவன் ஆட்டக்காரனாயிருப்பது சாதாரணம். உடன்பிறந்தார் நால்வர் ஒரே கழகத்தில் ஆடுவது அபூர்வம். அண்ணன் ஆடுவதைத் தம்பி வேலியோரம் நின்று பார்க்கிறான்; பின் அண்ணன் உதைத்த பந்தை எடுத்து வருகிறான்; பின் அண்ணனுக்கு எதிராக ஆடுகிறான்; இறுதியில் அண்ணனோடு ஆடுகிறான். குருகுலம் என்பது இதுவேயன்றோ?

அந்நாளில் இந்தியனுக்கு இந்த ஆட்டத்தைக் கற்பிக்க வேறு குருகுலமும் இல்லை. பட்டாளத்துச் சிப்பாய்களும் கப்பல் மாலுமிகளும் கொண்டுவந்த ஆட்டம் இது. 1888-ல் சிம்லாவில் தூரந்து கோப்பையும், அடுத்த வருஷம் கல்கத்தாவில் டிரேட்ஸ் கோப்பையும், 1893-ல் ஷீல்டுப் பந்தயமும் ஏற்பட்டன. எல்லாம் பெரும்பாலும் வெள்ளையருக்காக வெள்ளையர் ஏற்படுத்தியவை. நாகேந்திர பிரஸாத் ஸர்வாதிகாரி என்பவரே இந்தியரிடையே இவ்வாட்டத்தைப் பரப்பிய பிதா என்று போற்றப்படுகிறார். அவர் முயற்சியால் வளர்ந்த சோவாபஜார் கழகத்தார் 1892-ல் டிரேட்ஸ் கோப்பைப் பந்தயத்தில் ஈஸ்ட் ஸர்ரே பட்டாளத்தை ஒரு முறை தோற்கடித்தனர். அது ஒரு மின்னல், மழையாகவில்லை.

மோகன் பகான் கழகம் 1889-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 15-ந் தேதி வடகல்கத்தாவில் தோன்றியது. (அத்தேதி பிற்காலத்தில் வேறொரு காரணத்தால் நமக்கெல்லாம் பிரியமானதாயிற்று என்பது தற்செயலே.) அதன் முதல் தலைவர் பூபேந்திரநாத் வசு. இவர் நம்மைப் போல் சட்டத் தொழிலினர். 1914-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தவரும் இவரே. பந்தாட்டத்தை அற்பமென்று கருதும் நண்பர்கள், காங்கிரஸ் தலைவராகும் தகுதி வாய்ந்த ஒருவர் அதற்காகத் தமது பொழுதைச் செலவிட்டார் என்பதையேனும் கவனிப்பாராக.

சிவதாஸரின் பெயர் வங்காளத்தில் முதன்முதலாகப் பரவியது 1905-ல். அவ்வருஷந்தான் கர்ஸன் பிரபு வங்காளத்தை இரு கூறாக்கினார். அவ்வருஷந்தான் அன்னியத் துணிகள் தெருத்தெருவாய்த் தீக்கிரையாயின. சின்ஸுராவில் நடந்த கிளாட்ஸ்டன் கோப்பை இறுதிப் பந்தயத்தில் மோகன் பகான், டல்ஹௌஸி என்ற வெள்ளையர் கழகத்தை ஆறுக்கு ஒன்றாக முறியடித்தது. அந்த ஆறில் நான்கு கோல்கள் சிவதாஸருடையவை. அதன் பின் 1906, 1907, 1908 ஆகிய மூன்று வருஷங்களிலும் டிரேட்ஸ் கோப்பையை மோகன் பகானே இடைவிடாது வென்றது. நமது ஊரில் சிதம்பரம் பிள்ளை கப்பல் விட்டதும், கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ததும், பிள்ளையவர்களும் சுப்பிரமணிய சிவமும் சிறை புகுந்ததும் இதே மூன்று வருஷங்களில் என்பதை நினைவூட்டுகிறோம்.

சிவதாஸர் இடக்கோடியில் ஆடுபவர். விஜயதாஸர் அவருக்கு அடுத்து உள்ளிடத்தில் ஆடுபவர். சிவதாஸரைப் பிடிப்பது எண்ணெய் தடவிய மீனைப் பிடிப்பது போலாம். 'வழுக்கும் சிவதாஸ்' என்றே ஆங்கிலேயரும் அவரை அழைத்தனர். சகோதரர் இருவரும் உருவத்தில் ஒத்தவர்கள். ஆட்டத்தின் நடுவே ஒருவர் இடத்துக்கு மற்றவர் மாறிக்கொள்வர். தம்மைத் தாண்டிச் சென்றது யார், பந்து யாரிடத்தில் என்று அறியாமல் எதிரிகள் திகைப்பர். இது வெறும் தந்திரமன்று. இன்னொருவன் மனம் அடுத்த கணத்தில் என்ன நினைக்கும் என்று கேளாமலே அறிந்தவர்கள்தாம் இவ்வாறு இடம் மாற முடியும்.

நமது கடற்கரையார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவில் 1961-ம் வருஷத்தோடு நின்றுபோன முத்துக்குளிப்பைக் கண்ட முதியோர் சொல்வர்: கல்லின் பாரத்தால் எட்டுப் பத்துப் பாகம் ஆழத்துக்கு மூச்சடக்கி இறங்குபவன், தன் கயிற்றை வழிப்போக்கன் கையில் கொடுப்பதில்லை, நம்பிக்கையுள்ள உறவினன் கையிலேயே கொடுப்பான். கீழிருப்பவனுடைய மூச்சு எவ்வளவு மிச்சம் என்பது மேலிருப்பவனுடைய விரலுக்குத் தெரிய வேண்டும். அப்படிப்பட்ட கயிறொன்று சிவதாஸருக்கும் விஜயதாஸருக்கும் இடையே மைதானத்தில் ஓடியது என்று கொள்க.

ஆனால் இரு சகோதரர்களாலேயே பட்டாளத்தை வெல்லலாகாது. மோகன் பகானின் காரியதரிசியாயிருந்த சைலேந்திரநாத் வசு, சுபேதார் மேஜராகச் சேவகம் பார்த்தவர். உடற்பயிற்சியிலும் ஒழுக்கத்திலும் கண்டிப்பு மிக்கவர். அவர் பலவிடங்களிலிருந்து ஆட்டக்காரர்களைத் தேடிச் சேர்த்துப் பல வருஷங்கள் பழக்கினார். கோல் காவலர் ஹீராலால் முகர்ஜி செங்கற்சூளையில் உத்தியோகம் பார்த்தவர். பின்னணியில் நின்ற சுதீர் சட்டர்ஜி கிறிஸ்தவர், கல்லூரி ஆசிரியர், அன்று பூட்ஸ் அணிந்து ஆடியவர் அவர் ஒருவரே. அவருக்குத் துணை நின்ற பூதி ஸுகுல் வங்காளியல்லர். அபிலாஷ் கோஷும் ராஜன் ஸென்குப்தாவும் மாணாக்கர். சிவதாஸர் மிருக வைத்திய இலாகாவில் உத்தியோகஸ்தர். பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் பயின்றவர்களேயன்றி, ஆட்டத்தினால் ஒரு காசு கண்டவர் எவருமிலர். 1909-ல் இவர்கள் ஷீல்டுப் பந்தயத்தில் நுழைந்தபோது, அந்நாளில் ஷீல்டைத் தம் கைவசம் வைத்திருந்த கார்டன் ஹைலண்டர்ஸ் பட்டாளத்தார் இவர்களைத் தோற்கடித்தனர். அடுத்த வருஷமும் ஷீல்டு கிட்டவில்லை.

1911-ம் வருஷத்து ஆட்டங்களை வரிசையாகக் கூறுகிறோம். ஜூலை 10-ந் தேதி ஸெயிண்ட் ஸேவியர் கழகத்தை மூன்று கோல்களால் வென்றனர். 14-ந் தேதி ரேஞ்சர்ஸ் கழகத்தை இரண்டுக்கு ஒன்றாக. 19-ந் தேதி ரைபிள் பிரிகேட் பட்டாளம்; வென்ற ஒரே கோல் அண்ணன் விஜயதாஸருடையது. 24-ந் தேதி மிடில்ஸெக்ஸ் பட்டாளத்தோடு ஒன்றுக்கு ஒன்று என்று சமநிலை. 26-ந் தேதி மறு ஆட்டத்தில் மூன்று கோல்களால் வெற்றி. இந்தக் கட்டத்தில்தான் ஊர் விழித்துக்கொண்டது. பதினாறு நாட்களில் ஐந்து ஆட்டம் ஆடிய கால்கள், இரண்டு நாள் ஓய்ந்து, ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளத்தை இறுதிப் பந்தயத்தில் சந்திக்க வேண்டும்.

அன்றைய கூட்டம் அறுபதினாயிரம் என்பாருமுளர்; ஒரு லட்சம் என்பாருமுளர். ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயார் தனி வண்டி விட்டனர். ஹூக்ளி நதியில் ஸ்டீமர்கள் அதிகமாக ஓடின. பாட்னாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஜனங்கள் வந்தனர். இரண்டு ரூபாய் டிக்கெட்டு பதினைந்து ரூபாய்க்கு விலை போயிற்று. மைதானத்தைக் காணமுடியாமல் வெளியே நின்றவர்களுக்காக, கோல் விவரத்தை எழுதிக் காற்றாடிகளைப் பறக்கவிட்டனர். மரக்கிளைகளிலும் மனிதர் காய்த்துத் தொங்கினர் என்கிறார்கள்.

முதற் பாதியில் இரு தரத்தாரும் கோல் போடவில்லை. ஆட்டம் முடியச் சுமார் பதினைந்து நிமிஷம் இருக்கையில், பட்டாளத்தாரின் தலைவர் ஜாக்ஸன் தமக்குக் கிடைத்த தனி உதையினால் கோல் போட்டார். அவ்வளவு பெரிய கூட்டம் வாயடைத்து நின்றதாம். அந்த நிமிஷத்தில் தலைவன் செய்யக் கூடியவை இரண்டே: சகாக்களைக் கடிந்து கூவுதல், அல்லது தானே சென்று காரியத்தை முடித்தல். சிவதாஸர் இரண்டாவதைச் செய்தார். சில நிமிஷங்களுக்குள் அவருடைய கோல் விழுந்து கணக்குச் சமமாயிற்று.

அதற்குப் பின் நிகழ்ந்ததே சிவதாஸரின் ஆட்ட வாழ்க்கையில் நாம் மிகவும் மதிக்கும் பகுதி. ஆட்டம் முடிய இரண்டொரு நிமிஷமே எஞ்சியிருந்தது. பந்து மீண்டும் அவர் காலில் இருந்தது. காவலர்களைக் கடந்து முன்னேறினார். சற்று முன் கோல் போட்டுக் கூட்டத்தாரின் கண்ணெல்லாம் தம்மேல் இருப்பதை அறிந்த ஒருவர், வரலாற்றில் தம் பெயர் தனித்து நிற்கும்படி அப்பந்தைத் தாமே உதைத்திருக்கலாம். அவரோ நல்லிடத்தில் நின்ற இளைஞர் அபிலாஷ் கோஷிடம் பந்தைச் சேர்த்தார். அபிலாஷ் அதைக் கோலாக்கினார். இரண்டுக்கு ஒன்று. நடுவர் ஊதல் ஊதினார். தேசத் தொண்டில் நாம் கண்ட தலைவர்களில், பந்தைக் கொடுக்க மனமில்லாமல் பந்தையும் பந்தயத்தையும் சேர்த்துத் தோற்றவர் உண்டு. பெயர் சொல்ல வேண்டாம்.

அந்த நடுவர் புல்லர் என்ற ஆங்கிலேயர். தம் இனத்தாரின் பட்டாளம் தோற்பதைப் பார்த்துக்கொண்டு, இரு கோல்களையும் கோல் என்றே கணித்தார். இதைச் சாதாரணமென்று தள்ளிவிடுதல் கூடாது. நமது கடலில் நடந்த பந்தயத்தை நேயர்கள் இங்கே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சுதேசிக் கப்பல் கொழும்புக்கு ஓடத் தொடங்கியதும் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்தனர், மேலும் குறைத்தனர், இறுதியில் இலவசமாகவே ஏற்றிச் செல்லவும், போதாதென்று குடை கொடுக்கவும் முன்வந்தனர். துறைமுகத்து உத்தியோகஸ்தர்கள் எவர் பக்கம் நின்றார்கள் என்பதை இவ்வூரார் அறிவர். கம்பெனியை நடத்தியவருக்கோ, பேசிய பேச்சுக்காக, ஜட்ஜ் பின்ஹே இரட்டைத் தீவாந்தர தண்டனை விதித்தார். மேல்கோர்ட்டார் அதைக் குறைத்தது பின்னர். நடுவரும், எதிராளியும், விதி செய்பவரும் ஒருவரேயான கடலில் சிதம்பரம் பிள்ளை தோற்றார். விதி இரு தரத்தாரையும் கட்டிய ஐம்பது நூறு கஜ நிலத்தில் சிவதாஸர் வென்றார். திறமையில் முன்னவர் பின்னவருக்கு எவ்வகையிலும் குறைந்தவரல்லர். சட்டத்தைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, ஷீல்டு வெற்றி எழுப்பும் நினைவு இதுவே: கோடு கிழித்த இடத்தில் வெல்லக் கூடியவன், கோடில்லாத இடத்தில் தோற்கடிக்கப்படுகிறான், பிறகு அவனுக்குத் திறமையில்லை என்று புத்தகம் எழுதப்படுகிறது.

அந்த மைதானத்திலும் நியாயம் நெடுநாள் நிலைக்கவில்லை. உள்ளே விட்டால் இவர்கள் வெல்வார்கள் என்று கண்டபின், உள்ளே விடுவதிலேயே கணக்குப் பார்த்தனர். கல்கத்தா லீக் பந்தயம் 1898-ல் தொடங்கியது. ஷீல்டை வென்ற மோகன் பகானுக்கு அதன் இரண்டாம் வகுப்பில் இடம் கிடைத்தது 1914-ல். முதல் வகுப்பில் 1915-ல். முதல் வகுப்பில் இரண்டு இந்தியக் கழகங்களுக்கு மேல் இருத்தலாகாது என்ற விதி வேறு. 1920-ல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் கழகத்தார், தகுதியிருந்தும் வாசலில் நிறுத்தப்பட்டுப் போராடிய பின்னரே அவ்விதி தளர்ந்தது. 1934 முதல் 1938 வரை ஐந்து வருஷமும் மகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தார் லீக் பந்தயத்தை வென்று, அவ்விதி எதற்காகச் செய்யப்பட்டது என்பதை நாடறியச் செய்தனர்.

1911 டிஸம்பரில் வங்காளப் பிரிவினை ரத்தாயிற்று. தலைநகரும் டில்லிக்கு மாறிற்று. ஷீல்டு வெற்றியே இதற்குக் காரணமென்று உற்சாக மிகுதியால் எழுதியோர் உண்டு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. பனங்காட்டில் வாழும் நாம் இதில் ஏமாறலாகாது. பிரிவினையை வீழ்த்தியவர்கள் ஆறு வருஷம் கூட்டம் கூடி, துணி எரித்து, பள்ளியை விட்டு வெளியேறி, சிறை சென்ற பல்லாயிரவர். ஷீல்டு செய்தது வேறு. அது அந்தப் பல்லாயிரவருக்கு ஒரு மாலைப்பொழுது மகிழ்ச்சி தந்தது. ஹிந்துக்களும் கிறிஸ்தவரும் கலந்து ஆடிய அந்த வெற்றியைக் கல்கத்தா முஸ்லிம்களும் தம் வெற்றியாகக் கொண்டாடினர். கோட்டைக் கொடியைச் சுட்டிக்காட்டி, அது எப்போது இறங்கும் என்று ஒருவர் கேட்க, மோகன் பகான் மறுபடி ஷீல்டை வெல்லும்போது என்று விடை வந்ததாக ஒரு கர்ண பரம்பரைக் கதையும் உண்டு. சாட்சியச் சட்டப்படி இதை நாம் ஏற்கோம். ஆனால் ஜனங்கள் எதை நம்ப விரும்பினர் என்பதற்கு இது தக்க சாட்சி.

குடும்பமே கழகமாகும் விந்தை வங்காளத்துக்கு மட்டும் உரியதன்று. பிரேஸில் தேசத்தில் ரியோ டி ஜெனீரோ நகரையடுத்த பாங்கு என்னுமிடத்தில் ஒரு நெசவாலை இருந்தது. நமது கோரல் மில்லைப் போல் அங்கும் ஆங்கில நிபுணர்கள் யந்திரங்களை நடத்தினர். அவர்களே 1904-ல் ஒரு பந்தாட்டக் கழகம் வைத்தனர். எண்ணிக்கை போதாமையால் ஆலைத் தொழிலாளரையும், நிறம் பாராமல், சேர்த்துக்கொண்டனர். நன்றாய் ஆடும் தொழிலாளிக்கு ஆலையில் இலகுவான வேலை கிடைத்தது. அந்தக் கழகத்தில் குய்யா என்ற கறுப்பர் குடும்பத்தின் சகோதரர்கள் ஆடினர்: லூயிஸ் அந்தோனியோ, லதிஸ்லாவ், மேதியோ, அவர்களுள் யாவரினும் புகழ்பெற்ற தோமிங்கோஸ். ஷீல்டு வெற்றிக்கு அடுத்த வருஷம் பிறந்த தோமிங்கோஸ், 1933-ல் உருகுவேயிலும், 1934-ல் ரியோவிலும், 1935-ல் அர்ஜெண்டினாவிலும், அடுத்தடுத்து மூன்று தேசங்களில் வெற்றிக் கழகங்களில் ஆடினார். 1938-ல் உலகக் கோப்பை அரையிறுதியில் இத்தாலிய வீரர் ஒருவரை உதைத்ததற்காகத் தண்ட உதை விதிக்கப்பட்டு, அதனால் பிரேஸில் இரண்டுக்கு ஒன்றாகத் தோற்ற துயரமும் அவரைச் சேர்ந்ததே. அவர் மகன் அதமீர் 1974 உலகக் கோப்பையில் ஆடினார். ஆட்டமே அக்குடும்பத்துக்குச் சோறு போட்டது. நமது பாதுரிகளுக்கோ ஆட்டம் ஆட்டமாகவே நின்றது; சோற்றுக்கு உத்தியோகம் வேறு இருந்தது. இதில் எது மேன்மை என்று நாம் தீர்ப்புக் கூற முற்படவில்லை. ஆயினும் ஏழை வீட்டுப் பிள்ளை நெடுநாள் ஆட வேண்டுமானால் பாங்கு வழியே வழி என்று தோன்றுகிறது. 1908-ல் கூலிக்காகவும் வார விடுமுறைக்காகவும் வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்த நமது ஆலைத் தொழிலாளிக்கு, பந்தாடப் பொழுதேது?

வெறுங்காலைப் பற்றி ஒரு வார்த்தை. இதைக் காவியமாக்கிப் பாடுவோர் பலர். நாம் அவர்களோடு சேரோம். சிவதாஸரும் சகாக்களும் வெறுங்காலுடன் ஆடியது விரதத்தினாலன்று. அவ்வாறே பழகினர், பூட்ஸோ விலையுயர்ந்தது. காய்ந்த தரையில் வெறுங்கால் விரைவாயும் நுட்பமாயும் இருந்தது உண்மை. மழை பெய்து சேறானால் அதுவே வழுக்கியது. 1923-ல் மோகன் பகான் மறுபடி ஷீல்டு இறுதிக்கு வந்தபோது, ஈரத்தரையில் கல்கத்தா கிளப்பாரிடம் மூன்று கோல்களால் தோற்றது. இல்லாமையை ஒரு முறை வென்று காட்டினால் அது வீரம். இல்லாமையையே ஆபரணமாகப் பூண்டால் அது மடமை. 1948-ல் லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் சுதந்திர இந்தியாவின் ஆட்டக்காரர் பெரும்பாலோர் வெறுங்காலுடனேயே பிரான்ஸை எதிர்த்து, தென்னாட்டு வீரர் ராமன் ஒரு கோல் போட்டும், இரு தண்ட உதைகள் வீணாகி, இரண்டுக்கு ஒன்றாகத் தோற்றனர். 1952-ல் ஹெல்ஸிங்கிக் குளிரில் யுகோஸ்லாவியரிடம் பத்துக்கு ஒன்று. அதன் பின்னரே பூட்ஸ் கட்டாயமாயிற்று. நாற்பது வருஷம் கழித்து வந்த இந்த அறிவை, சைலேந்திரநாத் வசுவைப் போன்ற ஒரு காரியதரிசி 1912-லேயே புகுத்தியிருப்பார், பணமிருந்திருந்தால்.

சிவதாஸர் பிற்காலத்தில் சபைகளில் ஏறிப் பேசித் திரிந்தவரல்லர். மிருக வைத்தியம் பார்த்தார். ஆட்டம் ஓய்ந்தபின் மற்றவர் ஆடுவதைப் பார்த்தார். ஷீல்டு வெற்றியின் தேதியான ஜூலை 29-ஐ மோகன் பகான் கழகத்தார் தங்கள் தினமாகக் கொண்டாடுகின்றனர். கழகத்தின் நூறாண்டை முன்னிட்டு 1989-ல் இந்தியத் தபால் இலாகாவார் முத்திரையும் வெளியிட்டனர். கோட்டைக் கொடி இறங்கிய 1947-ம் வருஷத்தில் மோகன் பகான் மறுபடி ஷீல்டை வென்றது. ஈஸ்ட் பெங்கால் கழகத்தை ஒரு கோலால் தோற்கடித்தது. இறுதிப் பந்தயத்தில் அன்று இரு தரத்தாரும் இந்தியரே. சிவதாஸர் அதைக் காண இல்லை. அவர் 1932-லேயே காலமாகியிருந்தார்.